போதுமான உயரம்

பழைய கொரோலா 2024 கார்த்திகையோடு முடிந்துவிட்டது. 2014 இல் மூவாயிரத்து இருநூறு டொலருக்கு வாங்கிய கார். ரொறன்ரோ வீதிகளில் மாரி முழுவதும் கொட்டும் உப்பு அதன் அடித்தட்டைத் தின்று தீர்த்திருந்தது. சாரதி இருக்கைக்குக் கீழே இரண்டு விரல் போகிற ஓட்டை. கார் திருத்துகிற அண்ணை அதை மேலே தூக்கிவிட்டு, கீழே நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உதுக்கு இனிக் காசு செலவழியாதை. பிள்ளையையும் அம்மாவையும் உதிலை ஏத்திக்கொண்டு ஹைவேக்குப் போகவும் வேண்டாம்."

நான் ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை செய்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். கடை பூட்டி வெளியே வர இரவு ஒரு மணியாகும். காரில் வந்தால் ஸ்காபரோவிலுள்ள வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். இரவு பஸ் இரண்டு மாறி வந்தால் ஒன்றரை மணித்தியாலம். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. மகளுக்கு ஏழு வயது. அம்மா சூப்பர் விசாவில் வந்து இரண்டு வருடமாகிறது. கார் தேவையா இல்லையா என்று எங்கள் வீட்டில் விவாதம் நடக்கவில்லை. எந்தக் கார் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "சின்ன எஸ்யூவி ஒண்டு எடு." அவர்கள் சொல்வதில் நியாயம் இருந்தது. ஜீப்பின் உயரமும் காரின் ஓட்டமும் உள்ள இந்த வகை, 1994 இல் ரொயோட்டா ராவ்4 வந்தபோதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. லொறிச் சட்டத்தின் மேல் ஏற்றிய உடல் அல்ல, காரைப் போலவே ஒரே உடலாகக் கட்டப்பட்டது. இன்று எங்கள் ஒழுங்கையில் நிற்கும் வாகனங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ராவ்4 ஐ 2008 இலிருந்து இதே ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக்கில் கட்டத் தொடங்கினார்கள். ஹொண்டா சிஆர்-வி 2012 இலிருந்து அலிஸ்ரனில்.

ஆனால் எனக்கு அதில் ஏறவே மனமில்லை. மனைவிக்குக் காரணம் விளங்கவில்லை. அவள் கொழும்பில் வளர்ந்தவள். நானும் உடனே சொல்லவில்லை.

எங்கள் ஊர் கிளிநொச்சி. அங்கே உயரமான வாகனம் வைத்திருந்தவர்கள் எங்களைப் போன்ற சனங்கள் இல்லை. இராணுவத்தின் ஜீப், இயக்கத்தின் பஜிரோ, தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனம். நாங்கள் சைக்கிளும் லாண்ட்மாஸ்டரும். உயரமான வாகனம் வந்தால் சைக்கிளை மதகோடு சாய்த்துவிட்டு ஒதுங்கி நிற்போம். அது கிளப்பிய செம்மண் புழுதி அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்போம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கறுத்தக் கண்ணாடி.

2006 இல் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த நேரத்தில் சண்டை மூண்டது. ஆகஸ்ட் 11 ஆம் திகதி ஏ9 வீதி பூட்டப்பட்டது. திரும்பிப் போக வழி இல்லை. என் படிப்பு அந்த முதலாம் வருடத்தோடு நின்றது. 2008 செப்ரெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவுப்படி வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டுப் போயின. போகவேண்டாம் என்று சனம் வீதியில் நின்று கேட்டது. நானும் நின்றேன், அம்மாவும் நின்றார். வெள்ளை வாகனங்கள் வரிசையாக எங்களைக் கடந்து போயின. அதற்குப் பிறகு முள்ளிவாய்க்கால் வரை அம்மா நடந்தார். இன்று அவரது இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனதற்கு வயதுதான் காரணம் என்று இங்குள்ள டொக்ரர் சொல்கிறார். இருக்கலாம்.

கடைசியில் முடிவை எடுக்க வைத்தது அந்த முழங்கால்தான். கொரோலாவில் அம்மா ஏறுவதில்லை, விழுவார். இறங்கும்போது நான் இரண்டு கையையும் பிடித்து இழுக்கவேண்டும். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் அப்படி இழுத்தபோது அவர் சத்தமில்லாமல் அழுததைக் கண்டேன். அன்று வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்தேன். சாப்பாட்டு மேசைக் கதிரை 45 சென்ரிமீற்றர். கொரோலாவின் இருக்கை நிலத்திலிருந்து 50. கட்டிலுக்குக் கீழே பலகை வைத்துச் சோதித்துப் பார்த்தோம். 62 இல் அம்மா ஒருவரும் பிடிக்காமல் தானே இருந்தார், தானே எழும்பினார். பௌதிகம் படித்ததற்கு இப்படியாவது ஒரு பயன்.

அந்த நாடாவோடு நாலு டீலர்களிடம் போனேன். பெரிய எஸ்யூவியில் அம்மா முதலில் காலைத் தூக்கவேண்டியிருந்தது. அதற்கும் முழங்கால் விடவில்லை. சிறிய வகைகள் எல்லாம் 60க்கும் 66க்கும் இடையில் வந்தன. ஆக, சிறியதுதான்.

ஒரு இடத்தில் விற்பனைக்கு நின்றவர் எங்கள் பெடியன். நல்ல மரியாதை. "அண்ணை, புதுசையே எடுங்கோ. கிழமைக்கு 130 டொலர்தான்." கிழமைக்கு 130 என்பது கேட்கச் சின்னக் காசு. எத்தனை கிழமை என்று கேட்டேன். ஏழு வருடம் என்றார். 364 கிழமை. கடதாசியில் பெருக்கினேன், 47,320 டொலர். வாகனத்தின் விலை 33,000, அதற்கு 13 வீத வரியோடு 37,290. மிச்சம் பத்தாயிரமும் வட்டி. ஏழு வருடத்தில் மகளுக்குப் பதினாலு வயது. ஒன்ராறியோவில் டீலரிடம் கையெழுத்து வைத்தபின் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் அவகாசம் இல்லை. நான் பேனையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

அடுத்தது நாலு சில்லும் இழுக்கும் வாகனமா, முன் சில்லு மட்டும் இழுப்பதா என்பது. கடையில் எல்லோரும் பனிக்கு நாலு சில்லு வேண்டும் என்றார்கள். சுபாரு குறொஸ்ரெக்கில் அது எப்போதும் உண்டு, அடித்தட்டும் நிலத்திலிருந்து 22 சென்ரிமீற்றர் உயரம். கிராமப்புற வீதியில், உழாத பனியில் போகிறவர்களுக்கு அது நல்ல தெரிவு. ஆனால் நாலு சில்லு இழுப்பது வாகனம் புறப்படுவதற்குத்தான் உதவும். நிற்பதற்கு அல்ல. பிறேக் போடும்போது எல்லா வாகனத்துக்கும் நாலு சில்லும்தான் பிடிக்கிறது. பிடிப்பதும் விடுவதும் ரயரின் கையில். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகிவிடும். பனிக்கால ரயரின் றப்பர் மென்மையாகவே இருக்கும். நான் ஓடுவது நகரசபை பனி தள்ளும் வீதிகளில். ஆகவே முன் சில்லு வாகனமும் நாலு நல்ல பனிக்கால ரயரும் போதும் என்று முடிவெடுத்தேன். ஒன்ராறியோவில் அந்த ரயர் போட்டால் இன்சூரன்சில் கழிவு கொடுக்கவேண்டும் என்று 2016 இலிருந்து விதியும் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர் வாகனத்தைக் கேட்க முதல் தபாற்குறியீட்டைக் கேட்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

இன்னொன்றையும் அளந்தேன். அதை ஒரு டீலரும் எதிர்பார்க்கவில்லை. மகளை ஒவ்வொரு வாகனத்துக்கும் முன்னால் நிறுத்திவிட்டு, சாரதி இருக்கையில் ஏறி இருந்து பார்த்தேன். மிகப் பெரிய ஒன்றில் அவளைக் காணவில்லை. அவள் அங்கேதான் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள் என்று மனைவி பிறகு சொன்னாள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் 2023 இல் ஏறக்குறைய 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்தது. முன்மூடி 102 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த வாகனங்கள், 76க்கு உட்பட்டு முகம் சரிந்த வாகனங்களைவிட நூற்றுக்கு 45 அதிகமாக மரணத்தை உண்டாக்கக்கூடியவை என்று கண்டது. உயரத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்புத்தான். வீதியில் நிற்பவரின் கணக்கு வேறு. அந்தக் கணக்கு எனக்குக் கிளிநொச்சியிலேயே தெரியும்.

கடைசியில் கிடைத்தது பழைய ஒன்று. 2020 ஆம் ஆண்டு ஹொண்டா எச்ஆர்-வி. 78,000 கிலோமீற்றர் ஓடியது, 21,000 டொலர், வரியோடு 23,730. கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு மூன்று வருடம். வாங்க முதல், திருத்துகிற அண்ணையிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்த்தோம். துரு இல்லை. இந்த வடிவத்தில் பெற்றோல் ராங்கி முன் இருக்கைகளுக்குக் கீழே இருப்பதால், பின் இருக்கையின் அடிப்பாகத்தை மேலே மடித்துவிடலாம். அம்மாவின் வோக்கர் அந்த இடத்தில் அப்படியே நிற்கும். 2023 ஆம் ஆண்டு மாடலாக வந்த புதிய வடிவத்தில் அந்த மடிப்பு இல்லை. முன்னால் மகளை நிறுத்திப் பார்த்தேன். நெஞ்சுக்கு மேலே முழுதும் தெரிந்தாள்.

முதலில் பார்த்தது வெள்ளை நிறம். விலையும் ஐந்நூறு டொலர் குறைவு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றிப் பார்த்துவிட்டு, ஏறாமல் நின்றார்.

"வெள்ளை வேண்டாம் மோனை."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். அன்றிரவுதான் அவளுக்கு அந்த செப்ரெம்பரைப் பற்றிச் சொன்னேன். கலியாணம் கட்டி ஒன்பது வருடத்தின் பிறகு. இரண்டு கிழமை காத்திருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று எடுத்தோம்.

அம்மா முதல் நாள் கதவைப் பிடித்து, திரும்பி, இருக்கையில் தானே இருந்தார். காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். நான் கையை நீட்டியபோது, "விடு, விடு" என்றார்.

எங்கள் குசினியில் கோப்பை கழுவ புதிதாக ஒரு பெடியன் வந்திருக்கிறான். எரித்திரியா நாட்டவன். இரவு ஒரு மணிக்கு பஸ் தரிப்பில் நிற்பான். அவன் இருக்கும் இடம் என் பாதையிலிருந்து ஆறு நிமிடம் விலகல். முதல் பனி கொட்டிய இரவு அவனை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். இப்போது அது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது அம்மா பெரும்பாலும் விழித்திருப்பார். சாப்பிட்டியா என்று கேட்பார். பிறகு இருட்டுக்குள் இருந்தே கேட்பார்:

"வாற வழியிலை அந்தப் பெடியனை ஏத்தினனியே?"