மூன்றாம் நிலை

செவ்வாய், காலை 10.45, ஃபோர்ப்ஸ் விமானத் திடல்

ஹேங் கிளைடர் போட்டியின் இன்றைய டாஸ்க், அதாவது நாங்கள் பறக்க வேண்டிய பாதை, பலகைக்கு வந்துவிட்டது. ஃபோர்ப்ஸிலிருந்து வடக்கே பீக் ஹில், அங்கிருந்து குலர்கம்போன்; அதுதான் கோல். மொத்தம் சுமார் 230 கிலோமீட்டர். தென்மேற்குக் காற்று முதுகுப் பக்கமிருந்து மெதுவாகத் தள்ளும். வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். மேகத்தின் அடிமட்டம் 2,700 மீட்டர் வரை உயரலாம். இப்படி ஒரு நாளுக்காகத்தான் எல்லோரும் ஜனவரியில் இந்த ஆஸ்திரேலியச் சமவெளிக்கு வந்து சேர்கிறோம்.

வானிலை சொன்னவர் கடைசியாக இன்னொன்றும் சொன்னார்: மாலை ஐந்து மணிவாக்கில் வாரன் பக்கம் இடிமேகம் திரளக்கூடும். பாதுகாப்புக் குழுவில் இருக்கும் பைலட்டுகள் மூவரும் வரைபடத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தார்கள். பாதையைக் கொஞ்சம் கிழக்கே தள்ளலாமா என்று பேசினார்கள்; பிறகு சரியென்று விட்டார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. வாரன் எங்கள் பாதைக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

பகல் 1.15, வரிசையில்

நிழலே இல்லை. ஹார்னஸுக்குள் உடம்பு வேகிறது. தண்ணீர்ப் பையை நிரப்பியாயிற்று. மச்சான் ஜீப்பை எடுத்துக்கொண்டு பார்க்ஸ் சாலையில் கிளம்பிவிட்டார். என் அக்காவைக் கட்டியவர். பறக்கத் தெரியாது, ஆனால் என் டிராக்கரைத் திரையில் பார்த்தே நான் எங்கே இறங்குவேன் என்று சொல்லிவிடுவார்.

வெளிநாட்டு பைலட்டுகளுக்கு ஒரு செய்தியைச் சொல்வதில் எனக்குப் பெருமை. ஜான் டிக்கென்சன் 1963இல் இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கிராஃப்டனில், கிளாரன்ஸ் ஆற்றில், மோட்டார் படகின் பின்னே கட்டிப் பறக்க ஒரு இறக்கை செய்தார். கையால் பிடித்து உடம்பை நகர்த்தித் திசை திருப்பும் முக்கோணச் சட்டம் அதில் இருந்தது. இன்று நாங்கள் எல்லோரும் பிடித்துத் தொங்குவது அதே சட்டத்தைத்தான்.

எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர். கையுறை போட வேண்டும்.

இரவு 11.30

டிராகன்ஃபிளை இழுவை விமானம் என்னை 600 மீட்டரில் கொண்டுபோய் விட்டது. கயிற்றை விட்டதும், ஏற்ற இறக்கத்தை ஒலியால் சொல்லும் வேரியோ கூவ ஆரம்பித்தது. அறுவடை முடிந்த கோதுமை வயலின் தாளும் உழுத செம்மண்ணும் வெயிலில் காய்ந்து, அதன்மேல் சூடேறிய காற்று ஒரு மர வரிசையில் இடறிக் கிளம்பினால் அதுதான் தெர்மல். எங்களுக்கு எஞ்சின் கிடையாது. அதில் சுற்றி உயரம் சேர்ப்பதும், சேர்த்ததை முன்னோக்கிச் சறுக்கிச் செலவழிப்பதும் தவிர வேறு வழியில்லை.

புறப்பாட்டு நேரம் இரண்டு மணியிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒன்று. முன்னால் போகிறவருக்குத் தெர்மலைக் காட்ட ஆள் இருக்காது. கடைசியில் போகிறவருக்கு நாளே முடிந்துவிடலாம். 2.45க்குப் பெரிய கூட்டத்தோடு கிளம்பினேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. ஒரே தெர்மலில் இருபது, முப்பது இறக்கைகள். முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அந்தப் பக்கம்தான் எல்லோரும் சுற்ற வேண்டும். எதிரே சுற்றுகிறவரின் ஹெல்மெட்டுக்குள் கண் தெரியும் தூரம். காற்று கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து இறக்கை தெரியும். அது சட்டென்று மேலே போனால் தெர்மலின் நடு அங்கே இருக்கிறது. அவர் என் வட்டத்தைப் பார்த்துத் தன் வட்டத்தை நகர்த்துகிறார், நான் அவருடையதைப் பார்த்து என்னுடையதை. நான் யாரை ஜெயிக்க வந்தேனோ அவர்தான் எனக்கு வழிகாட்டி. ஆளில்லாத வானத்தில் தனியே பறந்திருந்தால் பார்க்ஸ் தாண்டியிருக்க மாட்டேன்.

பார்க்ஸுக்கு வடக்கே அந்த 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி வெள்ளையாகத் தெரிந்தது. 1969இல் நிலாவில் மனிதன் நடந்த காட்சியை வாங்கி உலகுக்குக் கொடுத்த கிண்ணம். நான்கு மணிக்குச் சற்று முன் பீக் ஹில். மக்குவாரி ஆற்றின் மர வரிசையைத் தாண்டும்போது நரோமைன் கீழே இருந்தது. மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் சராசரி. எனக்கு அது பெரிய வேகம்.

நரோமைனுக்கு அப்புறம் தெர்மல்கள் மாறின. வினாடிக்கு ஐந்து மீட்டர் ஏற்றம்; சுற்றவே வேண்டாம், மேகத்துக்கடியில் நேராகப் பறந்தாலும் உயரம் கூடியது. வடமேற்கே மேகங்களின் தலை காலிஃபிளவர்போல் வெடித்து எழ ஆரம்பித்திருந்தது, அடி கறுத்தது. இந்த விளையாட்டின் மிகக் கொடிய ஆசை இங்கேதான் இருக்கிறது: அன்றைய நாளின் மிக வேகமான காற்று, ஆளைக் கொல்லக்கூடிய மேகத்துக்கு அடியிலேயே கிடைக்கும்.

இந்த மாநிலத்தில் பறக்கும் எவருக்கும் இங்கேயே உள்ள மணிலா என்ற ஊர் நினைவுக்கு வராமல் போகாது. 2007 பிப்ரவரியில் அந்த ஊருக்கு மேலே, ஜெர்மன் அணியின் பாராகிளைடர் பைலட் எவா விஷ்நியர்ஸ்காவை ஓர் இடிமேகம் 9,946 மீட்டர் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. நினைவிழந்து, பனி படிந்து, எப்படியோ உயிரோடு தரைக்கு வந்தார். அதே புயலில் சிக்கிய சீன பைலட் ஹே ஜோங்பின் வரவில்லை.

ஐந்து மணிக்குப் பிறகு ரேடியோவில் “லெவல் டூ” என்று ஒரு குரல். கவனம் என்று பொருள். ஒன்று என்றால் பறக்கலாம், மூன்று என்றால் பறக்கக் கூடாது. சில நிமிடம் கழித்து இன்னொரு குரல்: “லெவல் த்ரீ. கோலுக்கு மேற்கே மழை இறங்குது, தரையில புழுதி நகருது.” அந்தக் குரல் எங்கள் எல்லோருக்கும் முன்னால் பறந்துகொண்டிருந்தவருடையது. அன்றைய டாஸ்க்கை ஜெயிக்க இன்னும் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாதவர். அவர் வாயிலிருந்து அது வந்தது. உடனே மேலும் இரண்டு குரல்கள் “த்ரீ” என்றன. 5.20க்குப் போட்டி இயக்குநர் டாஸ்க்கை நிறுத்தினார்.

தென்கிழக்கே திரும்பிச் சட்டத்தை நெஞ்சுக்கு இழுத்தேன். மேகத்தின் அடியிலிருந்து விலகும்வரை வேரியோ ஏற்றத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மச்சான் ரேடியோவில் வந்தார்.

“எங்க இருக்க?”

“யூமங்கேரிக்கு மேற்க, மச்சான். ரோட்டுப் பக்கமா இறங்கிடுறேன்.”

“சீக்கிரம் இறங்கு. இங்க வானமே கறுத்துப் போச்சு. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.”

கோதுமைத் தாள் வயலில் இறங்கியதும் கொக்கியைக் கழற்றி, மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி, முன்வயர்களை விடுவித்து, இறக்கையைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தேன். மூக்கின்மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்த பிறகுதான் காற்று வந்து சேர்ந்தது. புழுதிச் சுவர், பின்னாலேயே பெரிய துளிகள். இறக்கையின் துணி விரலுக்கடியில் துடித்தது. இதே காற்று கால்மணி நேரம் முன்னால் வந்து, நான் நூறு மீட்டர் உயரத்தில் தரையைத் தேடிக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கணக்குப் போடவே வேண்டியதில்லை.

புதன், காலை 9

முடிவுத் தாள் வந்துவிட்டது. இடையில் நிறுத்திய டாஸ்க்கில் நிறுத்திய நேரத்தை எடுப்பதில்லை. ஒரு புறப்பாட்டு இடைவெளி, அதாவது 15 நிமிடம், பின்னால் போய் 5.05க்கு யார் எங்கே இருந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நான் பறந்த தூரம் அப்படியே போயிற்று. காபிக் கூடாரத்தில் சிலருக்கு இதில் வருத்தம்.

எனக்கு இல்லை. புயலைப் பார்த்துத் திரும்பியவர், பார்த்தும் உள்ளே போனவரிடம் தோற்கக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் பதினைந்து நிமிடத்தை எல்லோரிடமிருந்தும் எடுக்கிறார்கள். விதிப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி அதுதான்.

முதலில் “த்ரீ” என்றவர் அந்த டாஸ்க்கில் நான்காவது. இன்று காலை கூட்டத்தில் யாரும் சொல்லாமலே எல்லோரும் அவருக்குக் கை தட்டினார்கள்.

புதிதாகப் போட்டிக்கு வருகிறவர்களுக்கு: வேகத்தையும் சுற்றுவதையும் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம். ரேடியோ பொத்தானை மட்டும் முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். எத்தனை பெரிய ஆட்கள் பேசாமல் இருந்தாலும், மூன்று என்று தோன்றினால் மூன்று என்று சொல்லிவிடுங்கள்.