கவ்வாத்துக் கத்தி

மடக்குக்கத்தி வாங்குகிறவர்கள் முதலில் இரும்பைப் பார்ப்பார்கள், பிறகு பூட்டை, பிறகு பிடியை. எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. பையில் ஒப்பினெல் ஒன்று எப்போதும் கிடக்கும். பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கிய குடியானவர் கத்தி அது. தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து ஊவாவில் தோட்டங்களை வாங்கியதும் அதே 1890இல்தான். இதைப் பெருமையாகச் சொன்னபோது பதுளையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் சிரித்தார். "தோட்டத்து ஆள் வச்சிருக்கிற கத்தியப் பாத்திருக்கியா?" என்று கேட்டு, பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

நாங்கள் மலை ஏறும்போது நமுனுகுல உச்சி மேகத்துக்குள் இருந்தது. கவ்வாத்து ஆட்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்குக் கொழுந்து, ஆண்களுக்குக் கவ்வாத்து. அந்த வழக்கம் மாறவில்லை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேயிலையை இப்படி வெட்டி இறக்காவிட்டால் மரம் கைக்கு எட்டாமல் உயர்ந்து கொழுந்தும் குறைந்துவிடும்.

நண்பர் 'மாமா' என்று அழைக்கும் ஒருவருக்கு அறுபதை நெருங்கும் வயது. அவர் கத்தியை ஓங்கவே இல்லை. வாதின் அடியில் வைத்துக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. வெட்டுவாய் சாய்வாக, வழுவழுவென்று வந்தது. "தண்ணி நிக்கக் கூடாது சேர். பட்டை கிழிஞ்சாலும் போச்சு, உள்ள உளுத்துடும்" என்றார். ஓரத்தில் இரண்டு மூன்று வாதுகளை மட்டும் இலையோடு விட்டார். ஊவாவின் வறட்சியில் எல்லாவற்றையும் மொட்டையடித்தால் மரம் செத்துப்போகும். புதுத் தளிர் வந்த பிறகு அந்த வாதுகளையும் எடுத்துவிடுவார்கள்.

அவருக்கு முதல் கத்தி வந்தது அண்ணனிடமிருந்து. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு எழுதப்பட்ட குடும்பம் அண்ணனுடையது. எண்பதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போனார். அங்கேயும் தேயிலைதான், வேறு கத்தி கிடைத்திருக்கும். இங்கே விட்டுப்போனது தீட்டித் தீட்டி இரண்டு விரல் அகலத்துக்கு ஒடுங்கி, இப்போது லயத்துக் குசினியில் மரக்கறி நறுக்குகிறது. கையில் இருப்பது அதற்குப் பிறகு வாங்கியது. வேலைக்குக் கிளம்பும்போது சாக்குத் துணியில் சுற்றி எடுத்துப்போவார். ரவுனுக்கு மட்டும் கொண்டுபோவதில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கத்தி எப்படித் தெரிவு செய்வீர்கள் என்று கேட்டேன். பிடியைத் தளர்வாகப் பிடித்து நுனியைத் தொங்கவிட்டுக் காட்டினார். பாரம் வளைவுப் பக்கம் இறங்க வேண்டுமாம். இறங்காவிட்டால் பாரத்தைக் கைதான் போட வேண்டும், மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். பிறகு முதுகில் நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக்கொள்வார். மந்தமாகக் கேட்டால் வேண்டாம். பிடி கொய்யாக் கட்டை, அதை அவரே செதுக்கிக்கொள்கிறார்.

என் ஒப்பினெல்லை நீட்டினேன். கட்டைவிரலால் கூரைத் தடவிப் பார்த்தார். 1955இல் சேர்த்த பூட்டு வளையத்தை இரண்டு மூன்று தடவை திருப்பி ரசித்தார். "கூர் நல்லாத்தான் இருக்கு. ஆனா மடங்குற சாமான நம்பி நாள் முழுக்கக் கைய விடலாமா?" என்றவர், அதிலேயே புகையிலையைக் கிள்ளி நறுக்கினார். "வெத்தலைக்கு ஆகும்."

கத்தி செய்பவர் கீழே கிராமத்துச் சிங்களவர். தோட்டமே அவரைப் 'பாஸ்' என்கிறது. லொறி ஸ்பிரிங் பட்டையும் சிரட்டைக் கரியும்தான் மூலப்பொருள். காய்ச்சி நீரில் தோய்க்கும் பக்குவத்தைச் சிங்களத்தில் விரிவாகச் சொன்னார். எனக்குப் பாதி ஏறவில்லை. கடைக் கணக்கு மட்டும் நன்றாக ஏறியது. நகரத்துக் கடைக்காரர் கடனுக்குக் கத்தியை எடுத்துப்போவார். விற்ற பிறகும் காசு வர மாதம் ஆகும். இங்கே பாஸ் கேட்கும் விலைக்கும் அங்கே தொங்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை. உலைக்கு முன்னால் வேகிறவரும் வெயிலில் வெட்டுகிறவரும் ஒரே மலையில் இருக்கிறார்கள். ஆனாலும் நடுவில் ஒருவர் நின்று இருவரிடமும் எடுக்கிறார். 2021இல் ஆயிரம் ரூபாயாகவும் 2024 செப்டம்பரில் 1350 ஆகவும் நாட்கூலி உயர்ந்தபோது பத்திரிகைகளில் எவ்வளவு ஆரவாரம்! அந்த 1350இல் கத்தியும் தீட்டுக்கல்லும் அடக்கம் என்று யாரும் எழுதவில்லை. தோட்டம் கத்தி தருவதில்லையா? தருகிறது. அதைச் சுண்டிப் பார்த்த மாமா, விறகு பிளக்க வைத்துக்கொண்டார்.

இப்போது கவ்வாத்துக்கு மெஷினும் வந்துவிட்டது. உங்கள் வேலை போய்விடாதா என்று மாமாவிடம் கேட்டேன்.

"எங்க போகும்? மெஷின் வாதப் பொளந்து வச்சிட்டுப் போயிரும். பொறகு பொளந்ததச் சீவ எங்களத்தான் அனுப்புறாங்க. அதுக்கு அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான் போடுவாங்களாம்."