படபடப்பு பொய்யாகாது

அம்மாடி, எஃப்.பி.ஐ. வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, பொய்யைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் பாலிகிராஃப் சோதனையை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்கிறாய். “உண்மையைச் சொல்லப்போகிறவளுக்கு என்ன பயம்?” என்று உன் அம்மா கேட்டாளாம். அவள் கேட்டது சரியில்லை. இந்தச் சோதனைக்கு நடுங்குகிறவர்களில் ஒழுங்காக வளர்ந்த பிள்ளைகளும் நிறைய உண்டு.

முதலில் அந்தக் கருவியைத் தெரிந்துகொள். மார்பிலும் வயிற்றிலும் குழாய்களைச் சுற்றுவார்கள். அவை மூச்சை அளக்கும். டாக்டர் ரத்த அழுத்தம் பார்ப்பாரே, அதே மாதிரிப் பட்டையைக் கையில் கட்டுவார்கள். விரல்களில் மாட்டும் சிறு தகடுகள் வியர்வையைப் பார்க்கும். அவ்வளவுதான். நெஞ்சு படபடத்தால் கோடு ஏறும். அது பொய்யாலா, பயத்தாலா, வெட்கத்தாலா என்று கருவிக்குத் தெரியாது. கோட்டைப் பார்த்து முடிவு சொல்பவர் ஒரு மனிதர்.

சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே சோவியத் யூனியனுக்கு ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் இந்தச் சோதனையில் தேறியவன். பிடிபட்டது 1994-ல். ஊழியர்களைச் சலித்தெடுக்க இதன் துல்லியம் போதாது என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவே 2003-ல் சொன்னது. 1988-ல் வந்த சட்டம் பெரும்பாலான தனியார் கம்பெனிகளுக்கு இதைத் தடைசெய்துவிட்டது. அரசாங்கத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

உன்னை உறுத்துவது எது என்று நீயே போனில் சொன்னாய். காலேஜில் முதல் வருடம் தோழிகளோடு கஞ்சா புகைத்தது. நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: தப்புச் செய்யாதே என்பதைவிட, நாலு பேருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள் என்பதைத்தான் பிள்ளைகளுக்கு அழுத்தமாகக் கற்றுக்கொடுக்கிறோம். அது எவ்வளவு பெரிய கேடு என்பதை இந்த வயதில்தான் உணர்கிறேன். அந்த வழக்கத்தை அங்கே கொண்டுபோகாதே. மனுப் போடுவதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் கஞ்சா புகைத்தவர்களை எஃப்.பி.ஐ. எடுப்பதில்லை; உன்னுடையது அதற்கு வெகுகாலம் முந்தியது. அதைச் சொன்னதற்காக உன்னைத் தள்ள மாட்டார்கள். மறைத்தால் தள்ளுவார்கள், அரசாங்கப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது அந்த நாட்டில் குற்றமும்கூட. படிவத்தில் விட்டுப்போயிருந்தால், சோதனைக்கு முந்தைய பேச்சிலேயே நீயாகச் சொல்லிவிடு. கருவியை மாட்டுவதற்கு முன்பே கேள்விகளையெல்லாம் உன்னோடு பேசிவிடுவார்கள். புரியாததை அப்போதே கேள்.

மூச்சை அடக்கு, நாக்கைக் கடி என்று தந்திரம் சொல்கிறவர்கள் பக்கம் போகாதே. அதைக் கண்டுபிடித்தார்கள் என்றால், உண்மை பேசியவளையும் ஏமாற்றுக்காரி என்று எழுதிவிடுவார்கள்.

தேறவில்லை என்று கடிதம் வந்தால், மறுசோதனை கேட்டு எழுது. கிடைக்காவிட்டால் வேலைதான் போகும். ஒரு கோடு ஏறி இறங்கியதை வைத்து உன் குணத்தை நீ எடைபோடாதே.

இன்னொன்று. நீ பயப்படுவது சோதனை செய்யும் அதிகாரிக்கு அல்ல, உன் அம்மாவுக்கு. எனவே சோதனைக்குப் போகுமுன் கஞ்சா புகைத்ததை அவளிடம் சொல்லிவிடு. கோபப்படுவாள், ஒரு வாரம் பேசாமல்கூட இருப்பாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ இன்றைக்கே சொல், கண்ணு.