எம்பயர் ஸ்டேட்: 6,514 ஜன்னல்களைக் கழற்றி மாட்டிய கதை!

நியூயார்க் போகிறவர்கள் தவறாமல் அண்ணாந்து பார்க்கும் கட்டடம், ஐந்தாம் அவென்யூவில் 34-வது தெரு முனையில் நிற்கும் எம்பயர் ஸ்டேட். மொத்தம் 102 மாடி. டிக்கெட் எடுத்து, லிஃப்டில் ஏறி, 86-வது மாடியில் வெளியே வந்தால் காற்று முகத்தில் அறையும். கீழே மஞ்சள் டாக்ஸிகள் எறும்பு வரிசைபோல ஊரும். ஒரு பக்கம் ஹட்சன் ஆறு, இன்னொரு பக்கம் புரூக்ளின். எல்லோரும் செல்ஃபியில் மும்முரமாக இருப்பார்கள். கட்டட இன்ஜினீயர் யாராவது வந்தால் மட்டும், ஊரை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். காரணம் இருக்கிறது.

410 நாள்களில் கட்டி முடித்து, 1931-ல் திறக்கப்பட்ட கட்டடம் இது. வயதாக ஆக, பனிக்காலத்தில் சூடாக்கவும் கோடையில் குளிர்விக்கவும் ஆகும் செலவு பெரும் பாரமானது. 2009-ல் இதன் நிர்வாகத்தில் இருந்த அந்தோனி மல்கின், எப்படியும் செய்யவேண்டிய புதுப்பிப்பு வேலையோடு இதையும் சேர்த்துக்கொண்டார். ராக்கி மவுன்டன் இன்ஸ்டிட்யூட், ஜான்சன் கன்ட்ரோல்ஸ் போன்ற அமைப்புகளின் நிபுணர்கள் உட்கார்ந்து 60-க்கும் மேற்பட்ட யோசனைகளை அலசினார்கள். தேறியவை எட்டு.

அதில் சுவாரஸ்யமானது ஜன்னல் வேலைதான். மொத்தம் 6,514 ஜன்னல்கள். எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிதாக வாங்கலாம். ஆனால் பழையதை இறக்க, புதியதை ஏற்ற, லாரியில் கொண்டுவர என்று பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அதனால் ஐந்தாவது மாடியிலேயே ஒரு பட்டறையைப் போட்டுவிட்டார்கள்! இரவில் ஜன்னலைக் கழற்றுவது, பட்டறைக்கு இறக்குவது, இரட்டைக் கண்ணாடியைப் பிரித்துக் கழுவுவது, நடுவில் மெல்லிய ஃபிலிமை வைத்து வாயு நிரப்பி மூடுவது, திரும்பவும் மேலே கொண்டுபோய் மாட்டுவது. இப்படிச் சுமார் 26,000 கண்ணாடிகள். பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 சதவிகிதம் மறுபடியும் பயன்பட்டது. குப்பைக்குப் போனது கொஞ்சம்தான்.

அடுத்து, ரேடியேட்டர். நம் ஊரில் இதற்கு வேலையில்லை. அங்கே ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே, நீராவியால் சூடாகும் இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் சூட்டில் ஒரு பகுதி அறைக்கு வராமல், பின்னால் இருக்கும் சுவர் வழியே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், சூட்டைத் திருப்பி அனுப்பும் ஒரு தடுப்பை வைத்தார்கள். அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் பாட்டி வைத்தியம் மாதிரி எளிமை.

இனிதான் முக்கியமான விஷயம். பழைய கட்டடம் என்றாலே முதலில் பெரிய ஏசி இயந்திரத்தை மாற்றத்தான் பலரும் ஓடுவார்கள். இங்கே ஜன்னல், ரேடியேட்டர், விளக்கு என்று வெளியே கசிவதையும் உள்ளே வீணாவதையும் முதலில் சரிசெய்தார்கள். அதனால் கட்டடத்துக்குத் தேவையான குளிர்ச்சியின் அளவே குறைந்தது. அடித்தளத்தில் இருந்த ராட்சதக் குளிர்விப்பான்களை மாற்றாமல், பெரிதாக்காமல், இருப்பதையே சீரமைத்தால் போதும் என்றானது. வரிசையை மாற்றிச் செய்திருந்தால் இந்த லாபம் கிடைத்திருக்காது.

மின்சிக்கனத்துக்காக மட்டும் கூடுதலாக ஆன செலவு 1 கோடியே 32 லட்சம் டாலர். ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் மிச்சமாகும், எரிசக்திப் பயன்பாடு 38 சதவிகிதம் குறையும் என்பது கணக்கு. அதாவது, மூன்றே ஆண்டுகளில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. வாடகைக்கு இருக்கும் அலுவலகங்கள் ராத்திரி முழுக்க விளக்கை எரியவிட்டால் உரிமையாளர் என்ன செய்யமுடியும்? அதனால், அவரவர் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறார்கள் என்று அவர்களே திரையில் பார்த்துக்கொள்ள வசதி செய்யப்பட்டது. பில்லைக் கண்ணால் பார்த்தால் கை தானாக சுவிட்சுக்குப் போகும்தானே!

இந்த வித்தையை மல்கின் தரப்பு பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. கணக்கு போட்ட முறையை மற்ற இன்ஜினீயர்களும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. 2022-ல் கட்டட உரிமையாளர்களுக்கென்று ஒரு கையேடும் வந்தது. நியூயார்க்கில் அதற்குத் தேவை அதிகம். 2019-ல் அந்த நகரம் போட்ட சட்டப்படி, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்குக் கார்பன் வரம்பு உண்டு. 2024 முதல் அது அமலில் இருக்கிறது. வரம்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 டாலர்வரை அபராதம்.