ஆட்டம் கண்ட பல்

பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு சிகிச்சைப் பிரிவு. சாய்வு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆட்காட்டி விரலில் பூக்கட்டும் நார் அறுத்த தழும்பு. மடியில் மஞ்சள் பை.

"ரெண்டு பல்லு ஆடுது தாயி. புடுங்கிருங்க, போயிர்றேன். கடைய மருமகட்ட விட்டுட்டு வந்துருக்கேன்."

"படுங்கம்மா, மொதல்ல பாத்துருவோம்." பயிற்சி மருத்துவரின் முகத்தில் கண்கள் மட்டுமே தெரிகின்றன. கறுப்புக் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்குகிறார். ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடம். "மூணு... அஞ்சு... ஏழு... ஆறு." பக்கத்தில் நிற்கும் மாணவன் கட்டங்களில் குறித்துக்கொள்கிறான். மூன்று மில்லிமீட்டர் வரை பழுதில்லை. ஏழு என்றால் ஈறு பல்லைக் கைவிட்டுவிட்டது. கம்பி வெளியே வரும்போதெல்லாம் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

"வலிக்குதாம்மா?"

"வலியெல்லாம் இல்ல. பல்லு வெளக்கையில ரத்தம் வரும். வயசானா வர்றதுதான?"

பேராசிரியர் வருகிறார். வாயைப் பார்க்கும் முன்பே கேட்கிறார்: "சுகர் இருக்கா?"

மஞ்சள் பையிலிருந்து நோட்டு வெளியே வருகிறது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 9.2. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். கண் பார்த்த தேதி இருக்கிறது. கால் பார்த்த தேதி இருக்கிறது. சிறுநீரில் புரதம் பார்த்ததும் இருக்கிறது. வாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

"காப்பியில கூடச் சீனி போடுறதில்ல சார். மாத்திரையும் தவறுறதில்ல. எறங்கவே மாட்டேங்குது."

பேராசிரியர் மாணவர்கள் பக்கம் திரும்புகிறார். "1993-இல் ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோ என்ன எழுதினார்?"

"சர்க்கரை நோயோட ஆறாவது சிக்கல் ஈறு நோய்னு சார்."

"மத்த அஞ்சு?"

கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக்குழாய், ஆறாத புண். மாணவன் விரல் மடக்கிச் சொல்லி முடிக்கிறான்.

அம்மாளுக்கு வேறு தமிழ். "சுகர் கூடுனா கிருமிய எதுக்கிற தெம்பு ஈறுக்குக் கொறஞ்சுரும். ஈறு புண்ணாகும், பல்லைத் தாங்குற எலும்பு கரையும். அந்தப் புண்ணோட வெஷம் ரத்தத்துல கலந்து இன்சுலினை வேலை செய்ய விடாது. திரும்பச் சுகர் ஏறும்."

"அப்பப் பல்லைச் சுத்தம் பண்ணுனா மாத்திரை வேணாமா சார்?"

"மாத்திரை நிறுத்தவே கூடாது. ஈறுக்கு வைத்தியம் பாத்தா மூணு நாலு மாசத்துல இந்தச் சராசரி 0.4 போல எறங்கலாம். ஆடுற ரெண்டும் தேறாது. மத்ததைக் காப்பாத்துவோம்."

நோட்டில் கால் பரிசோதனைக்குக் கீழே 'ஈறு' என்று எழுதித் தேதி போடுகிறார். சுத்தம் செய்யும் கருவி தண்ணீர் பீய்ச்சிக் கிரீச்சிடத் தொடங்குகிறது. கல்லாய் இறுகிய காரை துணுக்குத் துணுக்காக உதிர்கிறது.

அடுத்த நாற்காலியில் வீங்கிய கன்னத்தோடு ஒருவர். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். ஈற்றை அழுத்தினால் சீழ் வருகிறது. சுகர் பார்த்ததுண்டா என்று கேட்டதும் முகம் சுளிக்கிறார். "பல்லு வலிக்கு எதுக்கு சார் சுகரு?"

மருத்துவர் வாய் திறக்குமுன், கொப்புளித்துத் துப்பிய அம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு முந்திக்கொள்கிறார்:

"ரெண்டும் கூட்டுக் களவாணி தம்பி. போய் ரத்தத்தக் குடுத்துட்டு வா."