பெரம்பலூர் டு அரியலூர்... வழி: ஆக்சில்!

சென்னை - திருச்சி பஸ்ல போயிருக்கீங்களா பாஸ்? திருமாந்துறை டோல்கேட்ல லேசா கண்ணு முழிச்சு, மறுபடி தூங்கி, அடுத்து எழுந்தா திருச்சி! நடுவுல பெரம்பலூர்னு ஒரு ஊரு போச்சே, பார்த்தீங்களா? ரயில்ல வந்தாலும் பார்க்க முடியாது. மாவட்டத் தலைநகர்தான். ஆனா ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. ரயில் வேணும்னா அரியலூர் போகணும்.

அந்த ஊர்லதான் செமஸ்டர் லீவுல நாலு நாள் ஒரு பட்டறையே கதின்னு கிடந்தேன். காரணம், வைவா. 'டிஃபரன்ஷியலை நேர்ல பார்த்திருக்கியாப்பா?'ன்னு எக்ஸ்டர்னல் கேட்டார். 'பார்த்திருக்கேன் சார்... புக்ல'ன்னேன். அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. ரோஷம் வந்துருச்சு.

நாலு ரோடு பக்கம் ஒரு பட்டறை. மேஸ்திரிக்கு அம்பது வயசு இருக்கும். 'படிக்கிற புள்ளை, சட்டை அழுக்காயிடும் தம்பி'ன்னு மட்டும் எச்சரிச்சுட்டு உள்ளே விட்டார். அங்கே ஒரு பிக்அப், பின்பக்கம் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து நின்னுச்சு. ஓனர் அண்ணன் சீசன்ல சின்ன வெங்காயம் ஏத்துவார். மத்த நாள்ல அரியலூர்ல இருந்து சிமென்ட். வண்டிக்கு டியூ பாக்கி. லோடோட வரும்போது பின் ஆக்சில் ஷாஃப்ட் 'டக்'னு முறிஞ்சு, சக்கரம் தனியா கழண்டு ஓடியிருக்கு. வேகம் கம்மி, எதிர்ல யாரும் வரலை. அது அவர் அதிர்ஷ்டம்.

அடுத்த தடவை ரோட்டுல லாரி நின்னா, பின் சக்கரத்து நடுவைப் பாருங்க. தொப்பி மாதிரி நீட்டிக்கிட்டு, சுத்தி போல்ட்டா இருக்கும். அதுக்குப் பேர் ஃபுல் ஃப்ளோட்டிங். வண்டி எடையை வெளிக்குழாய், அதாவது ஹவுசிங் தாங்கும். உள்ளே இருக்கிற ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுத்துற வேலை மட்டும்தான். ஷாஃப்ட் முறிஞ்சாலும் சக்கரம் இடத்துலயே நிக்கும். ஜீப், சின்ன பிக்அப் பலதுல இருக்கிறது செமி ஃப்ளோட்டிங். சுமக்கிறதும் அதே ஷாஃப்ட், சுத்துறதும் அதே ஷாஃப்ட். முறிஞ்சா சக்கரமும் சேர்ந்து போயிடும்!

சக்கரம் போன வேகத்துல ஹவுசிங் தரையில இழுபட்டு வளைஞ்சு போச்சு. அதனால மொத்த ஆக்சிலையும் மாத்தணும். முன்னாடி அடிபட்ட அதே மாடல் வண்டியோட ஆக்சில் ஒண்ணு, திருச்சி பழைய இரும்புக் கடையில கிடைச்சது. வந்ததும் மேஸ்திரி செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா? சாக்பீஸ் எடுத்து கோடு போட்டார். ஒரு பக்கச் சக்கரத்தை என்னை அசையாம பிடிக்கச் சொல்லி, மறுபக்கத்தை ரெண்டு சுத்து சுத்தினார். நடுவுல பினியன் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணினார். நாலரைக்குக் கொஞ்சம் மேலே. பழைய ஆக்சில்லயும் அதேதான். அட, கியர் ரேஷியோ! நாம ஒரு பக்கம் ஃபார்முலா எழுதுறதை மனுஷன் ஒரு சாக்பீஸ்ல முடிச்சுட்டார். இது நாலுக்குக் கீழே வந்திருந்தா? காலி வண்டி நல்லா ஓடும், லோடோட மேடு ஏறும்போது திணறும், கிளட்ச் தேயும்.

அப்புறம் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டி, பிரேக் பைப்பை விடுவிச்சு, யூ போல்ட்டுக்கு டீசல் ஊத்தி ஊற வெச்சு, பழசை உருட்டிக்கிட்டு வெளியே வந்தோம். அப்பதான் கவனிச்சேன், ஸ்பிரிங்ல கம்பெனிப் பட்டைக்கு மேல மூணு பட்டை கூடுதலா இருந்துச்சு.

'ஏன்ணே?'ன்னு ஓனர் அண்ணனைக் கேட்டேன். 'மழை பெஞ்சா கரிசக்காடு தம்பி, வண்டி வயிறு தட்டும். தூக்கிக்கிட்டா சிக்காது. லோடும் தாங்கும்'னார்.

மேஸ்திரி ஒண்ணும் சொல்லலை. முறிஞ்ச ஷாஃப்ட்டை எடுத்து, உடைஞ்ச முகத்தைத் துடைச்சு என் கையில கொடுத்தார். ஒரு ஓரத்துல இருந்து பாதிக்கு மேல வழுவழுன்னு, அலை வந்து போன மணல் மாதிரி வரி வரியா இருந்துச்சு. மிச்சம் மட்டும் சொரசொரன்னு புதுசா பளபளத்துச்சு. 'பீச் மார்க்ஸ்'னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சிருக்கோமே, அதேதான்! ஃபெட்டீக்! அந்த ஆக்சில் அன்னிக்கு உடையலை பாஸ். பல நாளா, கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அந்த வரிக்கு மேலதான் அண்ணன் தினமும் ஓட்டியிருக்கார்.

'பட்டையை ஏத்தினா வண்டி தாழாது, அவ்வளவுதான். நீ எம்புட்டு ஏத்தினேன்னு ஆக்சிலுக்குத் தெரியும்ப்பா'ன்னார் மேஸ்திரி. கூடுதல் பட்டையைக் கழட்டினாத்தான் மாட்டுவேன்னு ஒத்தைக் கால்ல நின்னார். அண்ணன் கெஞ்சினார். ஒரு ட்ரிப்ல முடியறது ரெண்டு ட்ரிப் ஆகும், டீசல் யாரு கொடுப்பான்னு கேட்டார். நியாயமான கேள்விதான். என்கிட்ட பதில் இல்லை. ஒரு மணி நேரப் பஞ்சாயத்துக்கு அப்புறம் மூணுல ரெண்டு கழண்டுச்சு.

மிச்சமிருந்த ஒண்ணால பின்பக்கம் கொஞ்சம் உசந்தேதான் நின்னுச்சு. அப்ப பினியன் மூக்கு சரியான கோணத்துல நிக்காது, ஓட்டும்போது அதிரும். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல சரிவா ஒரு துண்டு இரும்பு வெச்சார். 'இது என்னண்ணே?' 'ஆப்பு!' நாம கேன்டீன்ல தினம் வைக்கிறோமே, அதோட ஒரிஜினல் இதுதான். புது யூ போல்ட் போட்டு, கிரவுன்ல 90 ஆயில் ஊத்தி, பிரேக்ல ஏர் எடுத்து... வண்டி ரெடி.

லோடு ஏத்தி ஓட்டிட்டு யூ போல்ட்டை மறுபடி முறுக்கணும். அதனால மூணு பேரும் அரியலூர் கிளம்பினோம். சுமார் 30 கிலோமீட்டர். ஒரு பக்கம் மக்காச்சோளம், மறுபக்கம் பருத்தி. அரியலூர் நெருங்க நெருங்க சுண்ணாம்புக்கல் டிப்பர்கள் வரிசை கட்டும், மரத்து இலையெல்லாம் வெள்ளை பூசும். பத்து கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கமெல்லாம் கடல்! சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் கிடக்கு. வாரணவாசியில ஃபாசில் மியூசியமே இருக்கு. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புதான் இன்னிக்கு சிமென்ட். அரசு சிமென்ட் ஆலை 1979-ல் வந்துச்சு, தனியார் ஆலைகளும் இருக்கு. செத்துப்போன கடலைத்தான் தினமும் ஆக்சில் மேல ஏத்திக்கிட்டுப் போறாங்க!

வழியில சட்டமும் பேசினேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுங்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. ஓவர்லோடுன்னா, 2019 திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 'அதெல்லாம் தெரியும் தம்பி'ன்னு அண்ணன் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

சிமென்ட் குடோன். மூட்டை 50 கிலோ. இவர் வண்டி அளவு ஒன்றரை டன், அதாவது 30 மூட்டை. லோடுமேன் பழக்கத்துல, 'வழக்கம்போல அம்பதாண்ணே?'ன்னார். அண்ணன் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி எங்கேயோ பார்த்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

'முப்பது போடுப்பா.'

திரும்பி வரும்போது யூ போல்ட் ஒவ்வொண்ணும் கால் சுத்து இறுகுச்சு. எனக்கு நிம்மதி. ஆனா அடுத்த ட்ரிப்புக்கு நானும் இருக்க மாட்டேன், மேஸ்திரியும் இருக்க மாட்டார். டியூ தேதி மட்டும் கரெக்ட்டா வந்துடும். அன்னிக்கு அவர் என்ன சொல்வார்? எனக்குத் தெரியலை. முறிஞ்ச ஷாஃப்ட்டை டேஷ்போர்டு மேல வெச்சுக்கச் சொல்லியிருக்கேன்.

அடுத்த தடவை பெரம்பலூர் பைபாஸ்ல தூக்கம் கலைஞ்சா, ஜன்னல் வழியா பக்கத்துல போற வண்டியோட பின் சக்கரத்தைப் பாருங்க மக்களே. எக்ஸ்டர்னல் கேட்டா, 'நேர்லயே பார்த்திருக்கேன் சார்'னு சொல்லலாம்ல!