பெயர் வேறாக இருந்தது

வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் அனுப்பிய நோட்டீஸுக்கு நான் எழுதிக் கொடுத்த பதிலில் ஒரு வரி பொய். 'என் கணக்குக்கு வந்தது மோசடிப் பணம் என்பது எனக்குத் தெரியாது; சந்தேகப்படக் காரணம் எதுவும் இருக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முன்பாதியை என் வக்கீல் வாதாடிக் காப்பாற்றிவிடுவார். பின்பாதியைக் காப்பாற்ற முடியாது. காரணம் இருந்தது. என் கைபேசித் திரையிலேயே இருந்தது. வாங்குகிறவரின் பெயர் ஒன்று, பணம் அனுப்பியவரின் பெயர் வேறு.

அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அதற்கென்று தனியாகக் காசும் வாங்கினேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்டிடி என்பது டெதர் நிறுவனம் வெளியிடும் கிரிப்டோ நாணயம். ஒரு நாணயம் ஒரு அமெரிக்க டாலர் மதிப்பிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் தளங்களில் இதை ஆளுக்கு ஆள் விற்கும் முறைக்கு பி2பி என்று பெயர். விற்கிறவனின் நாணயத்தைத் தளம் பூட்டி வைத்துக்கொள்ளும். வாங்குகிறவர் ரூபாயை யுபிஐயிலோ ஐஎம்பிஎஸ்ஸிலோ விற்கிறவனின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போடுவார். பணம் வந்துவிட்டது என்று விற்கிறவன் உறுதி செய்ததும் நாணயம் வாங்கியவரின் வாலெட்டுக்குப் போய்விடும். ரூபாய் தளத்தின் கையைத் தொடுவதே இல்லை. அதனால் ரூபாய் யாருடையது என்று பார்க்கக்கூடிய ஒரே ஆள் விற்கிறவன்தான். பணம் போட்டவரின் பெயரும் தளத்தில் பதிவான பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது தளத்தின் விதி. இல்லாவிட்டால் நாணயத்தை விடக்கூடாது, பணத்தை வந்த கணக்குக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்தியாவில் யுஎஸ்டிடிக்கு வங்கி டாலர் விலையைவிடச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். அந்த வித்தியாசம்தான் எங்கள் லாபம். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும், அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனைக்கும் 1 சதவீத டிடிஎஸ் வரிப் பிடித்தமும் வந்தபோது, பலரைப் போல நானும் வெளிநாட்டுத் தளத்துக்கு மாறினேன். பிறகு டெலிகிராம் குழுக்கள். அங்கே 'தேர்ட் பார்ட்டி பேமெண்ட்' என்பது சர்வசாதாரணமாகப் புழங்கிய பேச்சு. வாங்குகிறவர் ஒருவர், பணம் போடுகிறவர் இன்னொருவர். இதை ஒப்புக்கொள்ளும் விற்பனையாளனுக்கு ஒரு டாலருக்குக் கூடுதலாகச் சில காசுகள், சில நேரம் ஒரு ரூபாய்கூடக் கிடைக்கும்.

'அண்ணே, தம்பி அக்கவுண்ட்ல இருந்து போடுறேன், பரவால்லயா?' என்று செய்தி வரும். பரவாயில்லை என்று நான் போட்ட பதில்கள் இன்னும் என் கைபேசியில் இருக்கின்றன. ஒருவருக்கு எத்தனை தம்பிகள், ஒவ்வொரு தம்பிக்கும் எப்படி வேறு வேறு மாநிலத்தில் வங்கிக் கணக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்த யோசனை வராமல் இல்லை. கேட்டால் அந்த ஆள் அடுத்த விற்பனையாளனிடம் போய்விடுவான் என்பதால் கேட்கவில்லை. நல்ல பணமாக இருந்தால் இதற்குக் கூடுதல் காசு தர வேண்டிய அவசியமே இல்லை என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பிறகு ஒருநாள் கணக்கு முடங்கியது. வங்கியில் கேட்டபோது, காவல்துறையின் கோரிக்கையின் பேரில் லியன், அதாவது பணத்தை எடுக்க முடியாதபடி பிடித்துவைப்பு, போட்டிருப்பதாகச் சொன்னார்கள். நோட்டீஸோடு புகாரின் சுருக்கமும் வந்தது. புகார்தாரர் ஓய்வு பெற்ற ஒருவர். பங்கு வர்த்தகம் கற்றுத்தருவதாக வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, ஒரு போலிச் செயலியில் பணம் போட வைத்திருக்கிறார்கள். செயலியில் லாபம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. எடுக்கப் போனபோது, முதலில் வரி கட்டு என்று இன்னும் பணம் கேட்டிருக்கிறார்கள். அதையும் கட்டிய பிறகுதான் அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணை அழைத்திருக்கிறார். அவருடைய ஓய்வுக்காலப் பணம் முதலில் ஒரு கணக்குக்குப் போய், அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு துண்டு என் கணக்கில் விழுந்திருந்தது. காவல்துறை இதை அடுக்கு அடுக்காகக் கணக்கிடுகிறது. நான் மூன்றாவது அடுக்கு. அதற்கு மேல் ரூபாயின் பயணம் இல்லை, ஏனென்றால் என்னிடம் வந்ததும் அது நாணயமாகிவிட்டது. நான் விற்ற யுஎஸ்டிடி ஓடும் ட்ரான் என்ற பிளாக்செயினின் பொதுப்பதிவில் தேடிப் பார்த்தேன். நான் விட்ட நாணயம் சிறிது நேரத்திலேயே அடுத்த வாலெட்டுக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கும் போயிருந்தது.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புகாரைப் படித்ததும் என் மனதில் முதலில் எழுந்தது அந்த மனிதரைப் பற்றிய வருத்தம் அல்ல. என் கணக்கை எப்படி விடுவிப்பது என்பதே முதலில் ஓடியது. டெலிகிராம் குழுவில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். 'நாம அப்பாவிங்க, நம்மள புடிக்கிறாங்க, உண்மையான திருடன விட்டுடறாங்க' என்றார்கள். அந்தக் குழுவில் உண்மையான அப்பாவிகளும் இருந்தார்கள். பெயரைச் சரிபார்த்து, ஒழுங்காக வரி கட்டி, அப்படியும் கணக்கு முடங்கி, மருத்துவச் செலவுக்குக்கூடப் பணம் எடுக்க முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். நான் அவர்களில் ஒருவனாக என்னைக் காட்டிக்கொண்டேன். அவர்களுடைய நியாயத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். போலீஸுக்குப் பொய் எழுதியதைவிட இது எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

கணக்கு முடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, இப்படி ஒளிந்துகொள்ள என்னிடம் ஒரு கொள்கை தயாராக இருந்தது. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி, கிரிப்டோ தொழிலுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் செப்பே எக்ஸ்சேஞ்ச் இந்தியாவில் வர்த்தகத்தை நிறுத்தியது. 2019 ஜூனில் காயினெக்ஸ் எக்ஸ்சேஞ்சும் மூடப்பட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அன்று முதல் நான், எக்ஸ்சேஞ்சை மூடினால் அது அரசின் அத்துமீறல், கைது செய்தால் அது பழிவாங்கல் என்று பேசிக்கொண்டிருந்தேன். கட்டுப்பாடு அளவு மீறியது என்று மட்டும்தான் நீதிமன்றம் சொல்லியிருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. 2023 மார்ச் 7 அன்று மத்திய அரசு கிரிப்டோ நிறுவனங்களைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தபோது, அதைக் கண்டித்து நான் குழுவில் நீளமாக எழுதினேன். அந்த வாரமும் நான் தம்பி கணக்குகளிலிருந்து பணம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மூடப்பட்ட எக்ஸ்சேஞ்சுகளின் கதைகளை நான் ஒழுங்காகப் படித்தது என் கணக்கு முடங்கிய பிறகுதான். பிடிசி-இ என்ற எக்ஸ்சேஞ்சில் ஒரு பயனர்பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல் முகவரி இவ்வளவு இருந்தால் போதும், கணக்குத் திறந்துவிடலாம். அதை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட அலெக்சாண்டர் வின்னிக், 2017 ஜூலை 25 அன்று கிரேக்கக் கடற்கரை ஊர் ஒன்றில் கைதானார். தளமும் அத்தோடு முடங்கியது. அமெரிக்க நிதிக் குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்சென் அந்தத் தளத்துக்கு 11 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது. டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து திருடப்பட்ட பிட்காயின்களில் 3 லட்சத்துக்கு மேல் இந்தத் தளத்தின் வழியாகப் போயிருந்தன என்றது. பிரான்ஸ் நீதிமன்றம் 2020 டிசம்பரில் பணச்சலவை வழக்கில் வின்னிக்குக்கு 5 ஆண்டு சிறை விதித்தது. 2024 மே மாதம் அமெரிக்காவில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 பிப்ரவரியில், ரஷ்யா விடுவித்த ஓர் அமெரிக்க ஆசிரியருக்குப் பதிலாக விடுதலையானார்.

ஹாங்காங்கில் பதிவான பிட்ஸ்லாட்டோ, செல்ஃபியும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம் என்பதையே விளம்பரமாகப் போட்டது. அதன் நிறுவனர் அனடோலி லெக்கோடிமோவ் 2023 ஜனவரியில் மியாமியில் கைதானார். ஹைட்ரா என்ற போதைப்பொருள் இணையச் சந்தையோடு பிட்ஸ்லாட்டோவுக்கு 70 கோடி டாலருக்கு மேல் பரிமாற்றம் இருந்ததாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. அவரும் அந்த ஆண்டு டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது கதை எங்கள் பக்கத்திலேயே நடந்தது. கரன்டெக்ஸ் என்ற ரஷ்ய எக்ஸ்சேஞ்சின் மீது அமெரிக்கா 2022 ஏப்ரலிலேயே தடை விதித்திருந்தது. 2025 மார்ச் 6 அன்று அமெரிக்க, ஜெர்மன், பின்லாந்து அதிகாரிகள் சேர்ந்து அதன் இணைய முகவரிகளையும் சர்வர்களையும் கைப்பற்றினார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவர் என்று குற்றம் சாட்டப்பட்ட லிதுவேனியக் குடிமகன் அலெக்சே பெசியோகோவ், அமெரிக்காவின் வேண்டுகோளின் பேரில் கேரள போலீஸால் வர்கலாவில் கைது செய்யப்பட்டார். நான் நாகர்கோவில்காரன். வர்கலாவுக்குக் காலையில் ரயில் ஏறினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். 2019 ஏப்ரல் முதல் அந்தத் தளத்தின் வழியாகக் குறைந்தது 9,600 கோடி டாலர் பரிமாற்றம் நடந்ததாக அமெரிக்க நீதித்துறை சொல்கிறது.

இவர்களோடு என்னை ஒப்பிடுவது பெருமைக்காக அல்ல. அளவில் நான் தூசு. ஆனால் மூன்று இடத்திலும் விற்பனைக்கு இருந்த சரக்கு எது என்று பார்த்தபோது என்னால் தப்பிக்க முடியவில்லை. நாணயம் எல்லாத் தளத்திலும் கிடைக்கும். இந்தத் தளங்களைத் தேடி ஆட்கள் வந்தது, இங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதற்காக. என்னைத் தேடி வந்ததும் அதற்காகத்தான். அவர்கள் மூட்டை மூட்டையாக விற்றதை நான் ஒவ்வொரு படியாக அளந்து விற்றேன்.

கிரிப்டோவில் கறுப்புப் பணம் புழங்காது, எல்லாமே பொதுப்பதிவில் இருக்கிறது என்று நான் பலரிடம் வாதிட்டிருக்கிறேன். பொதுப்பதிவு இருப்பது உண்மை. வங்கிப் பரிமாற்றத்துக்கும் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அந்த ஓய்வுபெற்றவரின் பணத்தை என் கணக்கு வரை போலீஸ் துல்லியமாகப் பின்தொடர்ந்து வந்தது அந்த எண்களைப் பிடித்துத்தான். என் கணக்குக்கு அப்புறம் நாணயத்தின் ஒவ்வொரு நகர்வும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. ரூபாய் நாணயமாக மாறும் அந்த ஓர் இடத்தில் மட்டும் இயந்திரம் இல்லை. அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியவன் அவன். திருட்டுப் பணம் தப்பிப்பது அந்த இடத்தில்தான். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன்.

இதனால் எக்ஸ்சேஞ்சை மூடும் ஒவ்வொரு நடவடிக்கையும் சரி என்று நான் இப்போது சொல்ல வரவில்லை. தளம் முடங்கும்போது அங்கே நேர்மையாகப் பணம் போட்டவரின் சேமிப்பும் சேர்ந்தே முடங்குகிறது. லியன் போட வேண்டிய தொகைக்குப் பதிலாகக் கணக்கு முழுவதையும் முடக்குவது அநியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த அநியாயம் பெருகக் காரணமானவர்களில் நானும் ஒருவன். திருட்டுப் பணத்தை எங்களைப் போன்றவர்கள் சந்தையில் கலந்ததால்தான், நல்ல விற்பனையாளனையும் போலீஸ் அதே கண்ணோடு பார்க்கிறது.

என் கணக்கில் லியன் விழுந்த தொகையைப் புகார்தாரருக்கே கொடுக்க ஆட்சேபணை இல்லை என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தேன். தெரிந்தவர்கள் அதைப் பெருந்தன்மை என்றார்கள். கணக்கு சீக்கிரம் திறக்கும் என்று வக்கீல் சொன்னதால் செய்தேன் என்பதே உண்மை. அவருக்குக் கிடைத்தது என்னிடம் விழுந்த ஒரு துண்டு மட்டும். மற்ற துண்டுகள் என்னைப் போன்ற வேறு யாரிடமோ நாணயமாகி எங்கோ போய்விட்டன. புகார் வராத மற்ற 'தம்பி'களின் பணத்தில் நான் எடுத்த லாபமோ என்னிடமே இருந்தது. அதில் வீட்டுக் கடனை அடைத்தேன்.

பிறகுதான் பழைய வங்கி அறிக்கைகளையும் ஆர்டர் விவரங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர் ஒத்துப்போகாத ஒவ்வொரு வரவையும் குறித்தேன். பணம் வந்த கணக்கு, தேதி, தொகை, பரிமாற்ற எண், நாணயம் போன வாலெட் முகவரி, வாங்கியவரோடு நடந்த உரையாடல் என எல்லாம் இருந்தன. பட்டியல் நான் நினைத்திருந்ததைவிட நீளமாக இருந்தது. இவற்றில் எத்தனை உண்மையிலேயே யாரோ ஒருவரின் அண்ணனோ தம்பியோ அனுப்பியது, எத்தனை ஏமாந்த ஒருவரின் பணம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டதன் விளைவு இது.

வக்கீல் தடுத்தார். தெரிந்தே உதவியிருந்தால் பணச்சலவைச் சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு, நீங்களாகப் போய் ஏன் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். அவர் தன் கடமையைச் செய்தார். நான் பழைய பதிலில் இருந்த அந்த வரி தவறு என்று புதிய வாக்குமூலம் எழுதி, பட்டியலையும் இணைத்து, விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். வழக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அதை எதிர்கொள்வேன்.

இன்றும் குழுக்களில் உட்கார்ந்து, கூடுதல் ஒரு ரூபாய்க்குப் பெயரைப் பார்க்காமல் நாணயத்தை விடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலரை நான்தான் இந்தத் தொழிலுக்குள் கூட்டி வந்தேன். அவர்களிடம் ஒன்று சொல்கிறேன். அந்தக் கூடுதல் ரூபாய் எதற்குத் தரப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. பெயர் வேறாக இருந்தால் பணத்தை வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள், ஆர்டரை ரத்து செய்து தளத்துக்குப் புகார் கொடுங்கள். ஏற்கனவே விட்டிருந்தால் உங்கள் பட்டியலையும் எடுத்து எழுதுங்கள். என் பட்டியலில் உள்ள ஒரு தொகை நாட்டில் எங்காவது ஒருவருடைய புகாரோடு பொருந்தினால், அந்தப் பணத்துக்கு நான் அவருக்குக் கடன்பட்டவன். அதைக் கொடுப்பேன்.